இந்தியா 1, பிரான்ஸ் 1: அந்த மேட்ச்சில் புதுச்சேரி யார் பக்கம்?

உலகக் கோப்பை சீசன் வந்துவிட்டால் புதுச்சேரியில் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும். "நீங்க எந்த டீம்?" மற்ற ஊர்களில் இதற்கு அர்ஜென்டினா, பிரேசில், போர்ச்சுகல் என்று பதில் வரும். எங்கள் ரெட்டியார்பாளையம் பக்கம் சில வீடுகளில் வரும் பதிலே வேறு. "இதுல என்னப்பா கேள்வி... பிரான்ஸ்தான். பாஸ்போர்ட்டே அதானே!"

வெளியூர் நண்பர்களுக்கு இது சும்மா சொல்லும் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் நிஜம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் புதுச்சேரியில் இருக்கிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா'க்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரன் பேத்திகள். பிரான்ஸில் அதிபர் தேர்தல் என்றால் இங்கேயும் வாக்குப்பதிவு நடக்கும். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய தினத்துக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். 2018-ல் அந்த விழாவுக்கு மறுநாளே மாஸ்கோவில் குரோஷியாவை 4-2 என்று வென்று பிரான்ஸ் கோப்பையைத் தூக்கியது. 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரின் லுசைல் மைதானத்தில் எம்பாப்பே மூன்று கோல் அடித்தும், 3-3 சமனுக்குப் பிறகு பெனால்டி ஷூட் அவுட்டில் அர்ஜென்டினாவிடம் 4-2 எனக் கோட்டைவிட்டது.

அந்த இரண்டு ஃபைனல்களையும் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இந்த வாரப் பத்தியில் நாம் பார்க்கப்போவது இன்னும் பழைய கணக்கு. இந்தியாவும் பிரான்ஸும் நேருக்கு நேர் மோதின ஒலிம்பிக் மேட்ச்கள். அப்படி ஒன்று நடந்ததா என்று கேட்பவர்களுக்கு: ஒன்று இல்லை, இரண்டு நடந்தன. இரண்டாவது மேட்ச் நடந்த நாளில் புதுச்சேரி எந்த நாடு என்ற கேள்விக்கே இரண்டு பதில் இருந்தது!

லண்டன் 1948: வெறுங்காலில் ஒரு மிரட்டல்

முதல் மோதல், 1948 ஜூலை 31. லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில். இந்தியா சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தாலிமெரென் ஆவ் தலைமையில் போன நம் அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். சிலர் காலில் துணிப்பட்டை சுற்றியிருந்தார்கள்.

பிரான்ஸ் முதலில் கோல் அடித்தது. 70-வது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல் அதுதான். இதில் வேதனை என்னவென்றால், அந்த மேட்ச்சில் நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டையும் கோலாக்க முடியவில்லை. 89-வது நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டது. 2-1 என்று முடிந்தது.

அன்றைக்குப் புதுச்சேரி யார் பக்கம் என்பதில் சட்டப்படி குழப்பமே இல்லை. இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. மனசு யார் பக்கம் என்பது வேறு விஷயம். இந்தியாவோடு சேர வேண்டும் என்ற போராட்டம் அப்போது தெருவுக்குத் தெரு பரவிக்கொண்டிருந்தது.

ரோம் 1960: யார் இந்த டீம்?

நம் கதையின் முக்கியமான தொடர் இதுதான். 2024-ல் அஜய் தேவ்கன் நடித்து வந்த 'மைதான்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த டீம் ஏற்கெனவே அறிமுகம். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தைச் சேர்ந்தவர், அடிப்படையில் பள்ளி ஆசிரியர்.

நான்கு வருடம் முன்பு, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ரஹீமின் அணி நான்காம் இடம் பிடித்திருந்தது. போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். அதனால் ரோமுக்குப் போகும்போது 'பங்கேற்கப் போகிறோம்' என்ற மனநிலை இல்லை. கேப்டன் பி.கே.பானர்ஜிக்கு வயது 24. சுனி கோஸ்வாமிக்கு 22. செகந்திராபாத்தில் இருந்து வந்த துளசிதாஸ் பலராமுக்கு 23. பின்களத்தில் ஜர்னைல் சிங், அருண் கோஷ், கேரளத்தின் ஓ.சந்திரசேகர்.

தமிழ் வாசகர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு பெயர்கள் இந்த அணியில் உண்டு. ஒருவர் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஆறடியைத் தாண்டிய உயரம். குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்காக ஆடியவர். அந்த ராணுவ அணி 1955, 1958 என இரண்டு முறை டூரண்ட் கோப்பையை வென்றது. இன்னொருவர் சைமன் சுந்தரராஜ். பின்னாளில் கேரளாவின் பயிற்சியாளராகி, 1973-ல் அந்த மாநிலத்துக்கு முதல் சந்தோஷ் டிராபியை வாங்கித் தந்தவர். மலையாளிகள் இன்றும் மரியாதையோடு சொல்லும் பெயர். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்று மேட்ச், ஒரே ஒரு பாயின்ட்

16 அணிகள், நான்கு குரூப். ஒவ்வொரு குரூப்பிலும் முதலிடம் பிடிக்கும் அணி மட்டும்தான் அரையிறுதிக்குப் போகும். இந்தியாவின் குரூப்பில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. இன்றைய பாஷையில் சொன்னால் 'குரூப் ஆஃப் டெத்'.

ஆகஸ்ட் 26, முதல் ஆட்டம் ஹங்கேரியுடன். எதிரணியில் ஃப்ளோரியன் ஆல்பர்ட் என்ற 18 வயதுப் பையன் இருந்தார். 1967-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருது வாங்கப்போகிறவர். ஹங்கேரி 2-0 என்று முன்னிலை எடுத்தது. இரண்டாவது கோல் ஆல்பர்ட் அடித்தது. 79-வது நிமிடத்தில் பலராம் ஒரு கோலைத் திருப்பிக் கொடுத்தார். 1-2 தோல்வி.

சாதாரணத் தோல்வி என்று தோன்றுகிறதா? இதே ஹங்கேரி அதே குரூப்பில் பெருவை 6-2 என்றும், பிரான்ஸை 7-0 என்றும் அடித்து நொறுக்கியது. கடைசியில் வெண்கலப் பதக்கத்தோடு ஊர் திரும்பியது. அந்த அணியிடம் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்ற குரூப் எதிரி, இந்தியாதான்.

ஆகஸ்ட் 29, கிராஸெட்டோ நகரம். பிரான்ஸுடன் ஆட்டம். முதல் பாதியில் கோல் இல்லை. 71-வது நிமிடத்தில் கேப்டன் பி.கே.பானர்ஜி கோல் அடித்தார். இந்தியா 1, பிரான்ஸ் 0. இன்னும் 19 நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும். 82-வது நிமிடத்தில் ஜெரார் குவான்சோன் சமன் செய்தார். 1-1.

12 வருடம் முன்பு 89-வது நிமிடத்தில் வெற்றியைப் பறித்த அதே எதிரி, இந்த முறையும் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் நம் கையில் இருந்ததைத் தட்டிப் பறித்தது. உள்ளூரில் நம் போட்டிகள் பலவும் 90 நிமிடத்துக்குக் குறைவாகவே நடந்த காலம் அது. வெளிநாட்டில் முழு நேரம் ஆடும்போது கடைசிக் கட்டம் நமக்கு எப்போதும் சோதனையாகவே இருந்தது.

செப்டம்பர் 1, மூன்றாவது ஆட்டத்தில் பெருவிடம் 1-3 தோல்வி. குரூப்பில் கடைசி இடம். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தால் அவ்வளவுதான்: மூன்று ஆட்டம், ஒரு டிரா, இரண்டு தோல்வி, ஒரு பாயின்ட். ஆட்டங்களைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் அந்த அணி எவ்வளவு கிட்டே போனது என்பது புரியும்.

அதன் பிறகு இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குப் போகவே இல்லை. ரோம்தான் கடைசி.

அன்றைக்கு நாம் எந்த நாடு?

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே மாதம் இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. ஆனால் அதை பிரெஞ்சு நாடாளுமன்றம் அங்கீகரிக்க வேண்டும். அல்ஜீரியப் போரில் சிக்கியிருந்த பிரான்ஸ் அதைத் தள்ளிக்கொண்டே போனது. அல்ஜீரியா விடுதலை அடைந்த 1962-ல்தான் அந்த வேலை முடிந்தது. சட்டப்படி இணைப்பு நடந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. அதனால்தான் இன்றைக்கும் நாம் ஆகஸ்ட் 15-க்கு மறுநாளும் ஒரு விழா கொண்டாடுகிறோம்.

ஆக, 1960 ஆகஸ்ட் 29 அன்று நிலைமை என்ன? தபால் பெட்டி, போலீஸ், கலெக்டர் ஆபீஸ் வேலை எல்லாம் இந்தியா. காகிதத்தில் மண் பிரான்ஸ். பானர்ஜி கோல் போட்டபோதும் குவான்சோன் திருப்பிப் போட்டபோதும், இரண்டு அணிகளையும் 'நம்ம டீம்' என்று சொல்லும் உரிமை இந்தியாவிலேயே நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் இருந்தது. காரைக்கால், மாஹே, ஏனாமையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்றார்கள். சிலர் எழுதிக்கொடுத்தார்கள். பலர் கொடுக்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆன வீடுகள் இங்கே உண்டு. கால்பந்து பார்க்கும்போது மட்டும் அந்தக் கோடு கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு தேதிப் பொருத்தம். 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு சரியாக 19 நாள். செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது. பானர்ஜி ஒரு கோல். தலையில் தையல் போட்ட காயத்தோடு முன்களத்தில் இறங்கிய ஜர்னைல் சிங் ஒரு கோல். கோல்போஸ்ட்டில் தங்கராஜ். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவான பிறகு நம் அணி வென்ற முதல் பெரிய பட்டம் அது. ஆண்கள் கால்பந்தில் ஆசியத் தங்கம் அதன் பிறகு இன்றுவரை வரவில்லை.

'அன்னைக்கு பிரான்ஸையே...' என்று சொல்வதற்கு முன்

இந்த 1-1 கதையைச் சொன்னதும் பெருமையாக இருக்கும். ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம். அன்றைய ஒலிம்பிக் கால்பந்தில் தொழில்முறை வீரர்கள் ஆட முடியாது. ரோமுக்கு வந்தது பிரான்ஸின் அமெச்சூர் அணி. 1958 உலகக் கோப்பையில் 13 கோல் அடித்த ஜஸ்ட் ஃபோன்டெய்ன், ரேமோன் கோப்பா போன்றவர்கள் அதில் கிடையாது. எனவே 'நாம் பிரான்ஸுக்குச் சமமாக இருந்தோம்' என்று அப்படியே சொல்லிவிட முடியாது. 'வேலை பார்த்துக்கொண்டே கால்பந்து ஆடுகிறவர்களில் நாம் பிரான்ஸுக்குச் சமம்' என்று சொல்லலாம். அதுவே சின்ன விஷயம் இல்லை.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 1960-களில் பிரான்ஸின் மெயின் டீமும் சரிந்தது. 1962 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. 1966-ல் முதல் சுற்றோடு வெளியே. 1970, 1974 இரண்டுக்கும் தகுதி இல்லை. இன்றைய எம்பாப்பே ரசிகர்களுக்கு நம்பவே முடியாது.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு நல்ல பயிற்சியாளர் வருவார், காப்பாற்றுவார் என்று உட்காரவில்லை. 1972-ல் விஷி நகரத்தில் தேசியக் கால்பந்துப் பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். 1973-ல் இருந்து தொழில்முறை கிளப்கள் இளைஞர் பயிற்சி மையம் வைத்தே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். பலன் தெரியப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1984-ல் ஐரோப்பியக் கோப்பை, அதே வருடம் ஒலிம்பிக் தங்கம். 1988-ல் தேசிய மையம் கிளேர்ஃபோன்டெய்னுக்கு மாறியது. தியரி ஹென்றி அங்கே வளர்ந்தவர். பாரிஸ் புறநகர் போன்டியில் இருந்து எம்பாப்பே பதின்ம வயதில் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். 1998, 2018 என இரண்டு உலகக் கோப்பை.

நம்மிடம் இதே யோசனை இல்லாமல் இல்லை. ரஹீம் ஹைதராபாத்தில் சின்னப் பசங்களுக்காக விதவிதமான போட்டிகள் நடத்தினார். பந்தை உருட்டிக்கொண்டே போகக் கூடாது, பாஸ் மட்டும்தான் செய்யலாம் என்று ஒரு போட்டி. பழகாத காலால் மட்டும் உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி. இப்படித்தான் அடித்தளம் போட்டார். ஜகார்த்தா தங்கத்தின்போதே அவர் உடலில் புற்றுநோய் இருந்தது. 1963 ஜூன் 11 அன்று காலமானார். அவரோடு அந்த முறையும் போய்விட்டது. அதை நாடு முழுக்கக் கொண்டுபோக ஒரு நிலையமோ விதியோ உருவாக்கப்படவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்தத் தலைமுறை போட்ட முதல் தீர்ந்ததும் கணக்கும் முடிந்தது.

இன்றைய நிலை உங்களுக்கே தெரியும். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பும் போனது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1.

பாஸ்போர்ட் கேள்வி

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. இந்திய அணிக்கு ஆட வேண்டும் என்றால் இந்திய பாஸ்போர்ட் வேண்டும். இரட்டைக் குடியுரிமை இங்கே கிடையாது. ரெட்டியார்பாளையத்திலேயே பிறந்து, இங்கேயே பந்து உதைத்து வளர்ந்தாலும், பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையன் நீல ஜெர்சியில் பிரான்ஸுக்கு வேண்டுமானால் ஆடலாம். இந்தியாவின் நீல ஜெர்சி அவனுக்குக் கிடைக்காது. ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா தன் பழைய குடியுரிமையை விட்டுவிட்டுத்தான் 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார்.

மறுபக்கமும் ஒரு கதை உண்டு. 2006 உலகக் கோப்பையில் பிரான்ஸ் இறுதி ஆட்டம் வரை போனது. அந்த அணியில் விகாஷ் தோராசூ இருந்தார். மொரீஷியஸ் வழியாக பிரான்ஸ் போன, தெலுங்கு வேர் கொண்ட குடும்பம். சுவிட்சர்லாந்து, தென் கொரியா ஆட்டங்களில் மாற்று வீரராகச் சில நிமிடங்கள் மட்டும் இறங்கினார். வெளியே உட்கார்ந்திருந்த அந்த அனுபவத்தைக் கையோடு கொண்டுபோன கேமராவில் பதிவு செய்து, படமாகவே வெளியிட்டார். இந்திய ரத்தத்தில் கால்பந்து இல்லை என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். பையன் யார் வீட்டுப் பிள்ளை என்பதைவிட, பத்து வயதில் அவனுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் முக்கியம்.

சாயங்காலம் ஐந்து மணி

நம்பிக்கை இல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. காரணமும் இருக்கிறது. 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று, இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல். தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து நம் பெண்கள் உள்ளே போனது அதுதான் முதல் முறை. தமிழ்நாடு பெண்கள் அணி 2018, 2023 என இரண்டு முறை தேசிய சாம்பியன். இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் நமக்குப் பக்கத்து ஊரான கடலூர்க்காரர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் ஊரில், மீனவர் வீட்டு, கூலி வேலை செய்பவர் வீட்டுப் பெண் பிள்ளைகள் தினமும் பயிற்சிக்கு வந்துதான் இது நடந்தது.

நம் பக்கம் எப்படி இருக்கிறது? மூலக்குளம் வரை காலி மனையாகக் கிடந்த இடங்களில் இப்போது வீடுகள். பந்தை உதைத்தால் யாரோ ஒருவர் வீட்டு கேட்டில்தான் படும். டியூஷன் வேன் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் வந்து நிற்கிறது. அந்த ஐந்து மணிதான் பந்து உதைக்க வேண்டிய நேரம்.

பி.கே.பானர்ஜியும் சுனி கோஸ்வாமியும் 2020-ல் மறைந்தார்கள். பலராம் 2023 பிப்ரவரியில் போய்விட்டார். ரோமில் அவர்கள் ஆடியதை நேரில் பார்த்தவர்களும் இனி அதிகம் இருக்க மாட்டார்கள். அவர்கள் விட்டுப் போன 1-1 என்ற ஸ்கோரை வைத்துப் பெருமைப்படுவது நல்லதுதான். அதே ஸ்கோரோடு கிளம்பிய பிரான்ஸ் எங்கே போனது என்பதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, வாரத்தில் மூன்று நாளாவது அந்த ஐந்து மணியை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். பையனுக்கு மட்டும் இல்லை, பொண்ணுக்கும்!